டாட்ரா மலையில் ஆட்டுப்பால் சீஸ் தேடி ஐந்து நாட்கள்

முதல் நாள்: கிராகோவிலிருந்து ஸாகோபானே

காலை 9 மணிக்குப் போலந்தின் கிராகோவில் பஸ் ஏறினோம், நானும் தம்பியும். மலையடிவார ஊரான ஸாகோபானே அங்கிருந்து தெற்கே சுமார் 100 கிலோமீட்டர். வழக்கமாக இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம் என்றான். சனிக்கிழமைக் கூட்டத்தில் மூன்றரை மணி நேரம் ஆனது. கடைசி அரை மணி நேரம் சாலையின் இரு பக்கமும் மர வீடுகள்தான். கூரைகள் செங்குத்தாகச் சரிந்து இறங்குகின்றன. அவற்றுக்குப் பின்னால் டாட்ரா மலைத்தொடர் எழுந்து நின்றது. ஜூன் மாதக் கடைசியிலும் சிகர மடிப்புகளில் பனி மிச்சமிருந்தது.

எதற்காக வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தம்பி ஆறு வருஷமாகக் கிராகோவில் வேலை பார்க்கிறான். போன தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது காகிதத்தில் சுற்றி ஒரு சீஸ் கொண்டுவந்தான். நூல் சுற்றிய கதிர் போல நடுவில் பருத்து, இரண்டு முனையும் கூம்பிய வடிவம். மேலே தேன் நிறத்தில் பளபளப்பு, இடுப்பில் கோலம் போட்டது போலச் செதுக்கு வேலை. அப்பா அதுவரை சீஸ் என்று எதையும் தொட்டதில்லை. ஒரு துண்டை மோந்து பார்த்தவர், "கிடை போட்ட காட்டில் முதல் மழை விழுந்தால் இந்த வாசனைதான் வரும்" என்றார்.

எங்களுக்கு அருப்புக்கோட்டைப் பக்கம் கரிசல் காடு. அறுவடை முடிந்த கோடையில் கீதாரிகள் மந்தையோடு வந்து நிலத்தில் கிடை போடுவார்கள். அப்பா சொன்ன வாசனை எனக்கும் தெரியும். அது போலந்தின் ஒரு பாலாடைக்கட்டிக்குள் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று பார்க்க ஆசைப்பட்டேன். அதன் பெயர் ஓஸ்ட்சிபெக். டாட்ரா மலையடிவாரத்துப் போட்ஹாலே சீமையில் வாழும் குராலே என்னும் மலை மக்களின் சீஸ்.

இரண்டாம் நாள்: கடைத்தெரு

ஸாகோபானேயின் பெரிய கடைத்தெரு குருபூஃப்கி. வண்டி போகாத தெரு. பத்தடிக்கு ஒரு தள்ளுவண்டி, எல்லாவற்றிலும் சீஸ். குட்டிக் கதிர்கள், பின்னல் சடைகள், விரல் நீள உருளைகள் என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். இரும்புத் தட்டில் வாட்டி, மேலே சிவப்பாகக் கிரான்பெர்ரி ஜாம் வைத்துத் தருகிறார்கள். உப்பும் புகையும் புளிப்பினிப்பும் சேர்ந்து வாயில் நீர் ஊறவைக்கும் பண்டம். சூட்டோடு தின்றால் மேல் தோல் மொறுமொறுக்கும், உள்ளே பல்லில் கீச்சிடும்.

ஒரு கடையில், "இது ஓஸ்ட்சிபெக்தானே?" என்று தம்பி கேட்டான். தலையை ஆட்டினார்கள். முழுக் கதிர் ஒன்றைச் சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு, தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பினோம். வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். கத்தியால் ஒரு சீவல் எடுத்து வாயில் போட்டவர் முகத்தில் வருத்தம் தெரிந்தது. "இது முழுக்கப் பசும்பால். நல்ல சீஸ்தான், ஆனால் அந்தப் பெயருக்கு உரியது இல்லை" என்றார்.

எனக்கு அப்போது வந்த கோபம் இதை எழுதும்போதும் தணியவில்லை. பசும்பாலில் இதே முறையில் செய்யும் சீஸுக்கு இந்த ஊரிலேயே கோவ்கா என்று பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி விற்றால் யார் வாங்க மாட்டேன் என்றார்கள்?

ஓஸ்ட்சிபெக் என்ற பெயருக்குச் சட்டக் காவல் உண்டு. 2008 பிப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் அதைப் பாதுகாக்கப்பட்ட பெயராகப் பதிவு செய்தது. நம் ஊர்ப் புவிசார் குறியீடு போன்றது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஸ்லோவாக்கியாவில் ஓஷ்ட்யெபொக் என்று ஒரு சீஸ் இருப்பதால், பெயர் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு நாடுகளும் வழக்காடிய பிறகே பதிவு முடிந்தது. விதி கண்டிப்பானது. பாலில் குறைந்தது 60 சதவீதம் செம்மறியாட்டுப் பாலாக இருக்க வேண்டும். மீதிக்குப் பசும்பால் சேர்க்கலாம், ஆனால் போலந்துச் செம்மாடு என்ற நாட்டு மாட்டின் பால் மட்டும்தான். நீளம் 17 முதல் 23 சென்டிமீட்டர், எடை 600 முதல் 800 கிராம். செய்யும் காலம் மே முதல் செப்டம்பர் வரை. குளிர்காலத்தில் ஆடு கறக்காது. பனிக்காலத்தில் தெருவில் புதிதாகச் செய்தது என்று விற்றால் அது வேறு சீஸ்தான்.

இதனால் தெருக்கடைகளில் எழுத்தை மாற்றி, முன்னெழுத்தை விட்டுவிட்டு 'ஸ்ட்சிபெக்' என்றோ, 'மலைநாட்டுச் சீஸ்' என்றோ எழுதி வைக்கிறார்கள். போகிறவர்கள் கவனியுங்கள். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தரத்துக்கு இரண்டு தரம் படியுங்கள், சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

"உண்மையானது வேண்டும் என்றால் தெருவில் நிற்காதே மகளே, மேய்ச்சலுக்குப் போ" என்றார் அந்த அம்மா.

மூன்றாம் நாள்: ஹோஹோவோவ்ஸ்கா பள்ளத்தாக்கு

மினி பஸ்ஸில் சீவா போலானா என்ற புல்வெளி வரை போய், அங்கிருந்து நடை. போலந்துப் பக்கத்து டாட்ராவில் மிக நீளமான பள்ளத்தாக்கு இதுதான். ஓடையைப் பிடித்தபடியே பாதை ஏறுகிறது. இருபுறமும் ஸ்புரூஸ் மரங்கள். இரண்டு மணி நேரம் நடந்த பிறகு காடு விலகி, பழைய மரக் குடில்கள் சிதறிக் கிடக்கும் பெரிய புல்வெளி வந்தது.

ஏப்ரலில் இந்தப் புல்வெளி முழுவதும் ஊதா நிறக் குரோக்கஸ் பூக்கும். அதைப் பார்க்கத்தான் கூட்டம் கூட்டமாக மக்கள் வருகிறார்கள். ஆனால் அந்தப் பூவுக்குக் காரணம் ஆடு. 1954-இல் அரசு ஆணையால் டாட்ரா தேசியப் பூங்கா அமைந்த பிறகு மேய்ச்சலைப் படிப்படியாக நிறுத்தினார்கள். தொடக்கத்தில் அது காட்டுக்கு நல்லதாகத்தான் தெரிந்திருக்கும். ஆடு போன இடத்தில் புல் ஆளுயரம் வளர்ந்தது, புல்லுக்குள் மரக்கன்று வந்தது, வெளிகள் காட்டுக்குள் மறையத் தொடங்கின. வெயில் தேடும் செடிகள் ஒடுங்கின. 1980-களின் தொடக்கத்தில் பண்பாட்டு மேய்ச்சல் என்று பெயர் வைத்து, சில புல்வெளிகளில் மட்டும் ஆடுகளைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். மலை இனத்துச் செம்மறி, மரபான குடில், மரபான முறை என்று நிபந்தனைகள் உண்டு.

திரும்பும் வழியில், சீவா போலானாவுக்குப் பக்கத்தில் ஒரு குடிலின் கூரை இடுக்குகளிலிருந்து புகை கசிந்துகொண்டிருந்தது. புகைபோக்கி கிடையாது. மரப்பலகை இடுக்குதான் வழி. இந்தக் குடிலுக்குப் பட்ஸூஃப்கா என்று பெயர். இதன் தலைவர் பாட்ஸா, அவருக்குக் கீழே யூஹாஸ் எனப்படும் மேய்ப்பர்கள். பாட்ஸாவின் ஆடுகள் அவருடையவை மட்டும் அல்ல. ஊரில் பலர் வசந்தத்தில் தங்கள் ஆடுகளை அவரிடம் ஒப்படைக்கிறார்கள், இலையுதிர் காலத்தில் திரும்பப் பெறுகிறார்கள். யாருடைய ஆடு என்று தெரிய ஒவ்வொன்றின் முதுகிலும் வண்ணக் குறி. கேட்கக் கேட்க நான் மனதுக்குள் கீதாரி, கீதாரி என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

குடிலுக்குப் பின்னால் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். சரிவில் ஒரு பட்டி. மரச் சட்டங்களை ஒன்றோடொன்று கோத்து நிறுத்திய சதுரம். அதற்குக் கொஞ்சம் மேலே அதே அளவில் இன்னொரு சதுரம், அது வேலி இல்லாத வெறும் தரை. புல் மிதிபட்டுக் கறுத்து, புழுக்கை பரவிக் கிடந்தது. அதற்கும் மேலே மூன்றாவது சதுரம். அங்கே சுற்றுப்புறத்தைவிட அடர்ந்த பச்சையில் புல் முளைத்திருந்தது.

"கிடை மாற்றியிருக்கிறார்கள்" என்றேன் தம்பியிடம்.

இரவில் ஆட்டை அடைக்கும் பட்டியைச் சில நாளுக்கு ஒருமுறை பெயர்த்துப் பக்கத்தில் நிறுத்துகிறார்கள். மேய்ச்சல் நிலம் முழுவதும் ஆட்டின் எரு சீராக விழ வேண்டும் என்பதுதான் கணக்கு. ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். நாம் கிடைக்காரருக்குக் கூலி கொடுப்பது எருவுக்காக. இங்கே எரு மண்ணுக்கு, பால் மனிதனுக்கு. அப்பா அந்தத் துண்டை மோந்து பார்த்து ஏன் அப்படிச் சொன்னார் என்று அங்கே நின்றபோதுதான் எனக்குப் பிடிபட்டது.

பெரிய வெள்ளை நாய் ஒன்று வந்து எங்களைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பட்டி வாசலில் படுத்துக்கொண்டது. பாட்ஸா வெளியே வந்தார். தம்பி போலிஷில் என் கதையைச் சொன்னான், அப்பாவின் காடு உட்பட. அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "நாளைக் காலை நான்கரைக்கு வரச் சொல்" என்றார்.

நான்காம் நாள்: கறவையும் கையும்

டாக்ஸி பிடித்துப் போய் இறங்கியபோது கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. மூச்சு விட்டால் புகை தெரிந்தது. ஜூன் என்று நம்பி ஒற்றைச் சட்டையோடு வராதீர்கள்.

பட்டியின் ஒரு பக்கம் ஆடு ஒன்று மட்டும் நுழையும் அளவுக்கு மூன்று சந்துகள். அதற்கு ஸ்ட்ரோங்கா என்று பெயர். சந்துக்கு ஒருவராக மூன்று பேர் முக்காலியில் குந்தியிருக்க, பின்னாலிருந்து ஒரு பையன் விரட்டிவிடுகிறான். ஆடு தலையை நீட்டியதும் ஒரு கை பிடித்து நிறுத்துகிறது, மறு கை மடியில். ஐந்தாறு பீச்சு, அவ்வளவுதான், ஆடு துள்ளி அந்தப் பக்கம் போய்விடுகிறது. ஒரு வேளைக்கு ஓர் ஆடு ஒரு டம்ளர் கூடத் தருவதில்லை. இருநூற்றுக்கு மேல் ஆடு. கறந்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பால் குடிலுக்குள் போனது. உள்ளே கண் எரியும் புகை. தரையின் நடுவே விறகு நெருப்பு, அதற்கு வாட்ரா என்று பெயர். மேய்ச்சல் காலம் தொடங்கும் நாளில் பற்றவைப்பது, கடைசி நாள் வரை அணையக் கூடாது என்பது வழக்கம். மேலே கூரைக்கு அடியில் பரண். அதில் வரிசை வரிசையாகக் கதிர்கள் புகை குடித்துக்கொண்டிருந்தன. ஓரத்தில் இருந்தவை வெளிர் மஞ்சள், உள்ளே தள்ளி இருந்தவை பழுத்த பலாச்சுளை நிறம்.

புச்செரா என்ற மரத் தொட்டியில் துணியைக் கட்டி, துணியின் மேல் ஸ்புரூஸ் கொழுந்து வைத்துப் பாலை வடிகட்டினார்கள். பாட்ஸா தொட்டியின் மேல் சிலுவை வரைந்து ஏதோ முணுமுணுத்தார். பிறகு உறைபொருள் சேர்த்தார். இது மோரில்லை. இளங்கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள். சைவம் மட்டும் உண்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

நம் வீட்டில் பால் திரிந்தால் அம்மாவின் முகம் சுருங்கும். இங்கே பாலைத் திரிய வைப்பதே தொழில். முக்கால் மணி நேரத்தில் தொட்டி முழுவதும் இளந்தயிர் போல இறுகியது. மரத் துடுப்பால் கலைத்ததும் சோற்றுப் பருக்கை போல உதிர்ந்து, தெளிவு பிரிந்து, பருக்கைகள் அடியில் படிந்தன. பாட்ஸா முழங்கை வரை கையை விட்டு அடியில் படிந்ததை ஒன்று சேர்த்தார். தண்ணீருக்குள் ஒரு குழந்தையைத் தூக்குவது போல அவ்வளவு மெதுவாக அள்ளினார். அள்ளியதைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் அது புன்ட்ஸ் என்ற பச்சை சீஸ். ஒரு துண்டு கொடுத்தார். உப்பு இல்லை, புகை இல்லை. நன்றாக வெந்த சீம்பாலை வில்லை போட்டுத் தின்றிருக்கிறீர்களா? அந்த மென்மை, அந்தத் தித்திப்பின் சாயல். அந்த நான்கு நாளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஓஸ்ட்சிபெக்கைவிடவும். இதை உப்போடு நொதிக்கவைத்துப் பிசைந்தால் பிரிண்ட்ஸா. 2007-இல் போலந்துக்குக் கிடைத்த முதல் ஐரோப்பியப் பெயர்ப் பாதுகாப்பு அதற்குத்தான்.

இப்போது கதிர். இரண்டு கை நிறையப் பருக்கைகளை எடுத்து உருட்டி, வெந்நீரில் முக்கி முக்கிப் பிசைகிறார். நான் விரலை விட்டுப் பார்த்து உடனே எடுத்துவிட்டேன். அவர் கை அதிலேயே கிடக்கிறது. உள்ளங்கை சிவந்து, விரல்நுனித் தோல் ஊறிச் சுருங்கியிருந்தது. ஒவ்வொரு பிழிவிலும் பால் நிறத்தில் நீர் வழிகிறது. உருண்டை மெல்ல மெல்ல வழவழப்பாகி, கையை விட்டு வழுக்கப் பார்க்கிறது. மெல்லிய குச்சியால் நீளவாக்கில் குத்தி உள்ளே தங்கிய நீரையும் வெளியேற்றினார். பிறகு இரண்டு பாதியாகப் பிரியும் செதுக்கு வளையத்தை நடு இடுப்பில் பூட்டி இறுக்கினார். வெளியே பிதுங்கிய இரு முனைகளையும் உள்ளங்கையால் கூம்பாகத் திருகினார். வளையத்தைக் கழற்றியதும் நுணுக்கமான பூவேலை, ஒரு கோடு கூடச் சிதையாமல் பதிந்திருந்தது.

பிறகு உப்பு நீரில் ஒரு நாள் வரை ஊறும். ஆறவைத்துப் பரணில் ஏற்றினால் புகையில் பல நாள் கிடக்கும். நிறம் வந்ததா என்று பார்த்து இறக்குவார்கள்.

தொட்டியில் மிஞ்சிய தெளிவைக் காய்ச்சி, அதில் திரளும் மெல்லிய ஏடோடு குடிக்கிறார்கள். ஜென்டிட்ஸா. செதுக்கிய கைப்பிடி வைத்த மரக் குவளையில் எனக்கும் கொடுத்தார். இளஞ்சூடு, லேசான இனிப்பு, அடியில் புகை. இரண்டாவது குவளை கேட்டு வாங்கினேன்.

கிளம்பும்போது மிஞ்சிய பருக்கையைப் பிசைந்து அச்சில் அழுத்தி ஒரு சின்னச் சேவல் செய்து கொடுத்தார். ரெடிகோவ்கா என்று பெயர். மேய்ச்சலிலிருந்து ஊர் திரும்பும்போது பிள்ளைகளுக்கும் வேண்டியவர்களுக்கும் கொடுக்கும் பரிசு. நான் முழுக் கதிர் ஒன்றும் வாங்கினேன். தெருவில் வாங்கிய அந்தக் கதிருக்குக் கொடுத்த அதே விலைதான். சேவலுக்குக் காசு கொடுத்தபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

இரவு அப்பாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். சீஸைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "எத்தனை ராத்திரிக்கு ஒரு தடவை பட்டியை மாற்றுகிறார்கள்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஐந்தாம் நாள்: திரும்பும் முன்

காலை உணவு மேசையில் பக்கத்தில் ருமேனியாவிலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும். நான் தம்பியிடம் நேற்றுக் கேட்ட பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்மணி காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். வாட்ரா என்பது அவர்கள் மொழியில் அடுப்படியாம். ஸ்ட்ரோங்கா, பால் கறக்கும் பட்டி வாசல். பிரிண்ட்ஸா என்பது அவர்களுக்குச் சீஸ் என்ற சொல்லேதான். ஜென்டிட்ஸாவும் அங்கே உண்டு. பல நூறு ஆண்டுகளுக்கு முன் பால்கன் பக்கத்திலிருந்து வலாக் என்னும் இடையர்கள் கார்ப்பாத்தியன் மலைமுகட்டைப் பிடித்துக்கொண்டே மந்தையோடு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். மொழி மாறிப் போலிஷ்காரர்களோடு கலந்துவிட்டார்கள். அடுப்பின் பெயரும் பட்டியின் பெயரும் பாலின் பெயரும் மட்டும் அப்படியே இருக்கின்றன. என் தட்டில் இருந்த சேவலை அந்தப் பெண்மணி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பாதியாக அரிந்து கொடுத்தேன்.

மதியம் 2 மணிக்குப் பஸ். "அக்கா, நேரம் இருக்கிறது, போய்க் கேட்டுவிட்டு வந்துவிடலாம்" என்றான் தம்பி. மினி பஸ் பிடித்து மறுபடியும் சீவா போலானா. பட்டி இடம் மாறியிருந்தது. பாட்ஸாவும் இரண்டு பேரும் கடைசிச் சட்டத்தை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். தம்பி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான், நான் ஆப்பை எடுத்துக் கொடுத்தேன். மூன்று இரவு, நல்ல மழை என்றால் இரண்டு என்றார் பாட்ஸா. அதற்கு மேல் போனால் புல் கருகிவிடும்.

அங்கிருந்தே அப்பாவை அழைத்துச் சொன்னேன்.

"நம் காட்டிலும் மழை விழுந்தால் இரண்டுதான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆடு எத்தனை உருப்படி என்று கேட்டுச் சொல்" என்றார்.